போர்க்கப்பலுக்கு முன்னே போன மரக்கப்பல்… தெரியுமா?

பதினைந்து அங்குலப் பீரங்கிகள் எட்டு, முப்பதாயிரம் தொன்னுக்கு மேல் எடை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள்! 1944இல் திருகோணமலை உள்துறைமுகத்தில் நின்ற ‘குயீன் எலிசபெத்’, ‘வேலியன்ட்’ போர்க்கப்பல்களைக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு, இவற்றை அசைக்க யாரால் முடியும் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் போர்க்காலத் துறைமுகங்களில் ஒரு விதி உண்டு. எவ்வளவு பெரிய கப்பலானாலும், வழி துப்புரவாகிவிட்டது என்று தெரியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. வழியைத் துப்புரவாக்குவது யார்? வாலில் கம்பியைக் கட்டி இழுத்துக்கொண்டு, விடிந்தது முதல் வாசலில் மேலும் கீழுமாய்த் திரிகிற கண்ணிவாரிக் கப்பல்! அந்தச் சின்னக் கப்பல்களிலும் மிகச் சின்னவை எதனால் செய்யப்பட்டவை தெரியுமா? மரத்தால்! அணுகுண்டில் முடிந்த அதே போரில்தான், மீன்பிடி வள்ளம் கட்டும் ஓடாவிகளைத் தேடித் தேடி, ‘எங்களுக்கு மரக்கப்பல் வேண்டும், உடனே வேண்டும்’ என்று கேட்டு நின்றது உலகின் மிகப் பெரிய கடற்படைகளுள் ஒன்று.

ஏன் என்று கேட்டால், ஒரு சேற்று நிலத்துக்குப் போகவேண்டும்.

சேற்றில் கிடைத்த மர்மம்

1939 நவம்பர் 22, இரவு. இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்று முகத்தில் ஷூபரினெஸ் என்ற இடத்தில், ஜேர்மன் விமானம் ஒன்று பரசூட்டில் எதையோ போட்டது. கடலில் விழவேண்டியது, நீர் வற்றிய சேற்றில் விழுந்தது. அதற்கு முந்திய வாரங்களில் பிரித்தானியக் கப்பல்கள் துறைமுக வாசல்களிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து மூழ்கிக்கொண்டிருந்தன. ஒன்றும் முட்டவில்லை, ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனாலும் அடியில் வெடிக்கிறது! எப்படி?

மறுநாள் ஜோன் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரி மூன்று பேரோடு அந்தச் சேற்றுக்குள் இறங்கினார். கையில் இரும்பு ஆயுதம் எதுவும் இல்லை. காந்தத்துக்கு அசையாத பித்தளைக் கருவிகளை அவசரமாகச் செய்வித்துக்கொண்டு போனார். திருகாணி ஒன்றைத் தவறாகத் திருப்பினால் உயிர் இல்லை! ஒருவர் செய்கிற ஒவ்வோர் அசைவையும் தள்ளி நிற்கிறவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர் செத்தாலும் எந்த அசைவில் செத்தார் என்று அடுத்தவருக்குத் தெரியவேண்டுமே! கழற்றி முடித்தார் ஊவ்ரி. உள்ளே இருந்தது, காந்த ஊசி போன்ற ஒரு கருவி. மேலே இரும்புக் கப்பல் ஒன்று போனால் அதன் காந்தப் புலத்தை இது உணரும், சுற்று மூடும், கடலின் அடியில் கிடந்தபடியே வெடிக்கும். சில வாரங்களில் மன்னர் கையாலேயே ஊவ்ரிக்குப் பதக்கம் கிடைத்தது.

அதுவரை உலகம் பரவலாக அறிந்த கடற்கண்ணி, கயிற்றில் கட்டிய ஆடுபோல நங்கூரத்தில் நின்று மிதக்கும் கொம்பு வைத்த உருண்டைதான். கப்பல் முட்டினால் வெடிக்கும். அதை வாருவதற்கு வழியும் இருந்தது: பல்வைத்த கம்பியை இழுத்துக் கொண்டுபோய் நங்கூரக் கம்பியை அறுத்தால், கண்ணி மேலே மிதந்து வரும், துவக்கால் சுட்டுத் தீர்த்துவிடலாம். அடியில் சும்மா கிடக்கிற கண்ணியில் அறுக்க என்ன இருக்கிறது? அதன்மேல் போகிற கண்ணிவாரியே இரும்பென்றால், வாரப் போனவனே முதல் பலி!

அப்போதுதான் மரத்தின் ஞாபகம் வந்தது.

திருகோணமலையில் காந்தம் படுத்துவிடும், தெரியுமா?

இதைப் படித்தால் திருகோணமலைக்காரர்களே வாய்பிளப்பார்கள். பூமியின் காந்தப் புலத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. பூகோள நடுக்கோடு வேறு, இது வேறு. அந்தக் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டித்தான் போகிறது. 1963 நவம்பரில் இந்தியா தன் முதல் ரொக்கெட்டை ஏவுவதற்குக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது இந்தக் கோட்டுக்காகத்தான். தும்பாவும் திருகோணமலையும் ஏறக்குறைய ஒரே அகலாங்கு!

இதில் கப்பலுக்கு என்ன வந்தது என்கிறீர்களா? பிரித்தானியாவில் காந்த ஊசியை எந்தப் பக்கமும் சாயும்படி தொங்கவிட்டால், அது தலையைக் குத்திக்கொண்டு நிற்கும். திருகோணமலைக்கு அருகே தொங்கவிட்டால், கிட்டத்தட்டப் படுத்துவிடும். அங்கே காந்த விசை மேலிருந்து கீழாக இழுக்கிறது, இங்கே கிடையாக. வடகடலில் கட்டிய இரும்புக் கப்பல், ஆணி அடிக்க அடிக்க அந்தக் குத்துக் காந்தத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்ளும். அதை மறைக்க, கப்பலைச் சுற்றி மின்கம்பிச் சுருள் கட்டி, எதிர்த்திசையில் மின்சாரம் பாய்ச்சினார்கள். காந்தத்தை அளந்த ஜேர்மன் கணித மேதை கவுஸ் பெயரால் இந்த வேலைக்கு ‘டிகோஸிங்’ என்று பெயர். ஜேர்மன் கண்ணியிலிருந்து தப்ப ஜேர்மன்காரர் பெயர்!

இனித்தான் விஷயம். பிரித்தானியாவுக்கு என்று அளந்து வைத்த மின்சாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு கப்பல் தெற்கே ஓடிவந்தால் என்ன நடக்கும்? பூமி குத்தாக இழுக்கிற பங்கு இங்கே அநேகமாகக் காணாமல் போய்விடுகிறது. சுருளோ பழைய கணக்கில் எதிர்த்துக்கொண்டே இருக்கிறது. கப்பல் தலைகீழ்க் காந்தமாகிவிடுகிறது. பாதுகாப்பு என்று கட்டியதே கண்ணியை எழுப்பிவிடும்! அதனால் கடலில் இடம் மாற மாற, அட்டவணையைப் பார்த்துப் பார்த்துச் சுருளின் மின்சாரத்தை மாற்றிக்கொண்டே வரவேண்டும். இந்தத் தலையிடி மரக்கப்பலுக்கு அநேகமாக இல்லை. எஞ்சினும் நங்கூரச் சங்கிலியும்தான் அதில் இரும்பு. (அந்தக் கொஞ்ச இரும்புக்கும் சின்னச் சுருள் ஒன்று கட்டத்தான் செய்தார்கள், காந்தக் கண்ணிக்குக் கொஞ்சம் என்பதெல்லாம் தெரியாது.)

மிக்கி மவுஸ் போருக்குப் போனது!

பிரித்தானியர் கட்டிய மரக் கண்ணிவாரிகளுக்கு ‘மோட்டர் மைன்ஸ்வீப்பர்’ என்று பெயர். மூன்று எழுத்தில் சுருக்கினால் எம்.எம்.எஸ். மாலுமிகள் விடுவார்களா? ‘மிக்கி மவுஸ்’ ஆக்கிவிட்டார்கள்! 105 அடி நீளம். ஒரே ஒரு டீசல் எஞ்சின். மணிக்குப் பதினொரு கடல்மைல் போனால் பெரிய காரியம். ஏறக்குறைய இருபது பேர் ஏறலாம்.

ஆனால் இந்தச் சுண்டெலியின் வாலில் இருந்தது என்ன தெரியுமா? கடலையே மின்கம்பியாக்கும் வித்தை!

கப்பலின் பின்னே இரண்டு மிதக்கும் மின்வடங்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டின் நுனியும் திறந்தபடி கடலுக்குள் கிடக்கும். கப்பலில் மின்கலங்களை அடுக்கி வைத்து, ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை ஒரேயடியாக ஐந்து விநாடிக்கு விடுவார்கள். ஒரு வடத்தின் நுனியிலிருந்து மற்ற வடத்தின் நுனிக்கு மின்சாரம் எதன் வழியாகப் போகிறது? கடலில்தான்! உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? அந்த ஓட்டத்தைச் சுற்றி ஒரு பெரிய காந்தப் புலம் பிறக்கிறது. அடியில் கிடக்கிற கண்ணி, ‘ஆகா, இரும்புக் கப்பல் வந்துவிட்டது’ என்று ஏமாந்து வெடிக்கிறது. மரக்கப்பலோ அதற்குள் எவ்வளவோ தூரம் முன்னே போய்விட்டிருக்கும். இரண்டு கப்பல்கள் பக்கம் பக்கமாக, ஒரே கணத்தில் மின்சாரத்தைவிட்டால், இடையிலுள்ள பரப்பு முழுவதும் ஒரே வீச்சில் துப்புரவு. மின்சாரத்தின் திசையை முறை மாற்றி மாற்றி அனுப்புவார்கள். எந்தக் கண்ணி எந்தத் துருவத்துக்குக் காது வைத்திருக்கிறதோ யார் கண்டது!

இதே வித்தையை ஆகாயத்திலும் செய்தார்கள். வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தைச் சுற்றி ஒரு மிகப் பெரிய வளையத்தை மாட்டி, அதில் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டு கடலுக்கு மேலே தாழப் பறந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் இன்றும் சிரிப்பு வரும். ஆனால் வேலை செய்தது!

ஜேர்மனியர் சும்மா இருந்தார்களா? கப்பல் சத்தத்துக்கு வெடிக்கிற ஒலிக்கண்ணி வந்தது. அதற்கு மிக்கி மவுஸ் சொன்ன பதில் என்ன தெரியுமா? தெருவில் தார் உடைக்கிற கங்கோ சுத்தியல்! அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, அணியத்தில் ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் இறக்கித் தடதடவென்று அடித்தார்கள். பெரிய கப்பல் ஒன்றின் எஞ்சின் வருகிறது என்று கண்ணி முன்னாலேயே வெடித்தது. அந்த மரக்கப்பலில் படுத்து உறங்கியவர்களைப் பற்றி நினைத்தாலே எனக்குக் காது வலிக்கிறது.

பிறகு வந்ததுதான் அசல் நயவஞ்சகம். ‘எண்ணுகிற கண்ணி!’ முதல் கப்பல் போகும், வெடிக்காது. இரண்டாவது, மூன்றாவது, வெடிக்காது. ஒரு டசின் வரை எண்ணிவிட்டு அடுத்ததை வெடிக்கச் செய்கிறபடி ஜேர்மனியர் பூட்டிவைத்தார்கள். ஆகவே ஒரே வாய்க்காலைக் காலையிலிருந்து மாலைவரை பத்துப் பன்னிரண்டு தடவை வாரவேண்டும். பதினொரு தடவை ஒன்றுமில்லை என்பதால் இடம் சுத்தம் என்று அர்த்தமில்லை! போரிலேயே மிகவும் அலுப்பான வேலையும் மிகவும் ஆபத்தான வேலையும் ஒன்றாகவே இருந்த இடம் இது.

யார் கட்டினார்கள்?

ஸ்கொட்லாந்து மீன்பிடித் துறைகளின் வள்ளக் கட்டுநர்கள் கட்டினார்கள். அமெரிக்காவில் பணக்காரர்களுக்கு உல்லாசப் படகு கட்டிக்கொண்டிருந்தவர்களை அழைத்து, ‘வை.எம்.எஸ்.’ என்ற 136 அடி மரக் கண்ணிவாரிகளை நானூறுக்கும் மேல் கட்டுவித்தார்கள். அவற்றின் ஒரு பிரிவு பிரித்தானியருக்கும் போனது. இந்தியாவிலும் மிக்கி மவுஸ்கள் கட்டப்பட்டு, ரோயல் இந்தியக் கடற்படையில் ஓடின. ரங்கூன், சிங்கப்பூர், ஹொங்கொங் துறைகளிலும் ஏராக்கட்டை வைத்தாகிவிட்டது. அரைகுறையாய் நிற்கும்போதே ஜப்பானியர் வந்து மூன்று ஊரையும் பிடித்துக்கொண்டார்கள்!

மரக்கப்பல் என்று சொன்னால் இந்தக் கடலுக்கு ஒரு கர்வம் உண்டு. இன்றும் மிதக்கிற மிகப் பழைய பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயர் என்ன தெரியுமா? ‘திருகோணமலை’! 1817 அக்டோபரில் பம்பாயில், ஜம்ஷெட்ஜி வாடியாவின் கப்பல்துறையில், மலபார்த் தேக்கில் கட்டி இறக்கினார்கள். ஏராக்கட்டை வைக்கும்போது பார்சி வழக்கப்படி ஒரு வெள்ளி ஆணியும் அடித்தார்களாம். அதன் வரைபடத்தை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கு வந்த ‘ஜாவா’ என்ற கப்பலை 1812இல் அமெரிக்கர் நடுக்கடலில் தகர்த்துவிட்டதால், இன்னொரு பிரதி எழுதி அனுப்பினார்கள். ஓக்கில் இரும்பு ஆணி அடித்தால் காலப்போக்கில் ஆணி அரிக்கும், மரமும் கெடும். தேக்கின் எண்ணெய் இரும்பைக் காக்கும். இருநூறு ஆண்டு தாண்டி அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்பதற்குத் தேக்குதான் காரணம். நடுவில் தொண்ணூற்றைந்து ஆண்டு ‘ஃபுட்ராயன்ட்’ என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். 1992இல் மறுபடியும் நமது ஊர்ப் பெயருக்கே திரும்பிவிட்டது.

வல்வெட்டித்துறையைச் சொல்லாமல் விட்டால் யாழ்ப்பாணத்தார் கோபிப்பார்கள். அங்கே வேம்பும் இலுப்பையும் வெட்டிக் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற இருபாய்மரக் கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிக்கொண்டு போய், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் போர் தொடங்குகிறது, நவம்பரில் காந்தக் கண்ணி பிடிபடுகிறது. இரும்பில்லாமல் கடலைக் கடக்கத் தெரிந்த கைகள் அப்போது இந்தக் கரையில் எத்தனை இருந்தன என்று யாராவது எண்ணிப் பார்த்திருப்பார்களா?

மரத்துக்கும் எதிரி உண்டு. வெப்பக் கடலில் கப்பற்புழு என்று ஒன்று பலகைக்குள் புகுந்து துளைத்துத் துளைத்துத் தின்னும். வெளியே பார்த்தால் பலகை நல்லாயிருக்கும், உள்ளே சல்லடை. அதைத் தடுக்க அந்தக் காலத்துக் கப்பல்களின் அடியில் செப்புத் தகடு போர்த்தினார்கள். செம்பும் காந்தத்துக்கு அசையாது. எவ்வளவு தோது!

கொழும்பில் வெடித்த ‘ஓநாய்’

கடற்கண்ணியை இலங்கை முதலில் கண்டது இரண்டாம் உலகப் போரில் அல்ல. முதலாம் போரில்! வியாபாரக் கப்பல் வேடமிட்ட ‘வொல்ஃப்’ (ஓநாய்) என்ற ஜேர்மன் கப்பல், 1917 பெப்ரவரியில் கொழும்புக்கு வெளியே இருட்டில் கண்ணிகளைக் கொட்டிவிட்டு ஓடியது. பெப்ரவரி 17இல் ‘வூஸ்டர்ஷயர்’ மூழ்கியது. நான்கு நாளில் ‘பெர்சியஸ்’. ‘வொல்ஃப்’ கப்பலின் தலைவன் கார்ல் நேர்கர், ஒரு துறைமுகத்தையும் தொடாமல் 451 நாள் கடலிலேயே திரிந்து ஊர் திரும்பினான். வழியில் பிடித்த கப்பல்களின் நிலக்கரியும் சோறும்தான் சாப்பாடு! கப்பலில் ஒரு சின்ன விமானமும் இருந்தது; அதற்குப் பெயர் ‘ஓநாய்க்குட்டி’.

அந்தப் பயம் மறக்கவில்லை. 1938 ஜனவரி முதல் நாளில் இலங்கைத் தொண்டர் கடற்படை தோன்றியபோது, அதற்குக் கப்பலே கிடையாது. போர் வந்ததும் முதலில் கையில் கிடைத்தவை கொழும்புத் துறைமுகத்து இழுவைப் படகுகள்; பெயர் ‘சாம்சன்’, ‘கோலியாத்’! பிறகு மீன்பிடி ட்ரோலர்களையும் அந்தாட்டிக்காவில் திமிங்கிலம் வேட்டையாடிய கப்பல்களையும் வாங்கிக் கண்ணிவாரிகளாக மாற்றினார்கள். ‘ஓவர்டேல் வைக்’, ‘ஒக்கபி’, ‘செம்லா’, ‘சம்பூர்’, ‘ஹொக்சா’, ‘பால்டா’. இவற்றில் ஏறியவர்கள் இலங்கைப் பிள்ளைகள். துறைமுக வாசல்களை வாருவதுதான் முக்கிய வேலை, அதோடு நிற்கவில்லை. சுட்டு விழுத்தப்பட்ட ஜப்பானிய விமானங்களிலிருந்து தகவல் சேகரித்தார்கள். பர்மியப் போர்முனை திறந்தபோது அக்யாப்வரை போனார்கள். இத்தாலி சரணடைந்ததும் 1943இல் ‘எரித்ரியா’ என்ற இத்தாலியப் போர்க்கப்பலில் ஏறி அதைத் துறைமுகத்துக்குக் கூட்டிவந்ததும் இவர்களே. இந்த ட்ரோலர்கள் இரும்புதான். காந்தக் கண்ணிக்கு முன்னே இரும்பில் போய் நின்றவர்களின் துணிவு வேறு ரகம்.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். சீனக்குடா எண்ணெய்க் குதம் எரிந்தது. முந்தின இரவே துறைமுகத்தைவிட்டு ஓடிய ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கியை மட்டக்களப்புக்கு வெளியே பிடித்து மூழ்கடித்தார்கள். பலருக்குத் தெரியாதது இது: திருகோணமலைக்கு இயற்கையே ஒரு காவல் வைத்திருக்கிறது. கொட்டியாரக்குடாவிலிருந்து கடலுக்குள் ஒரு பெரும் பள்ளத்தாக்கு, ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. அடியில் கிடக்கும் காந்தக் கண்ணி ஆழம் குறைந்த இடத்தில்தான் வேலை செய்யும். அந்தப் பள்ளத்தில் விழுந்தால் போனது போனதுதான்! காவல் தேவைப்பட்டது துறைமுக வாசலுக்கும் உட்குடாக்களுக்கும்.

கண்ணி எதுவும் இல்லாமலேயே ‘வேலியன்ட்’ போர்க்கப்பலுக்கு இங்கே நடந்தது என்ன தெரியுமா? 1944 ஓகஸ்ட் 8இல், திருகோணமலை மிதக்கும் உலர்துறை அதைத் தூக்கும்போது பாரம் தாங்காமல் முறிந்து மூழ்கியது! எதிரி கிட்டவே வரவில்லை. கப்பல் பலத்த சேதத்தோடு தப்பியது.

அள்ளிய துறைமுகமே விதைத்தது!

அந்த உலர்துறை மூழ்கி இரண்டே நாளில், அதே திருகோணமலையில் இன்னொரு அதிசயம். ஓகஸ்ட் 10 மாலை, சீனக்குடா ஓடுபாதையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின ஐம்பத்துநான்கு அமெரிக்க பி-29 விமானங்கள். பின்னாளில் ஹிரோஷிமாவுக்குப் போன அதே ரகம். எங்கே போகின்றன? சுமாத்திராவின் பலம்பாங்! போய்வர 6,000 கிலோமீற்றருக்கு மேல். அந்தப் போரில் நடுவில் இறங்காமல் பறந்த மிக நீண்ட தாக்குதல்களில் ஒன்று. பெரும்பாலானவை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குண்டு கொண்டுபோயின. எட்டு விமானங்களின் வயிற்றில் மட்டும் வேறு சரக்கு: கடற்கண்ணிகள்! மூசி ஆற்றுக்கு மேலே தாழப் பறந்து பதினாறு கண்ணிகளைப் போட்டார்கள். மூன்று கப்பல்கள் மூழ்கின, நான்கு சேதமாகின, கண்ணியை வாரி முடிக்கும்வரை ஒரு மாதம் ஆறு அடைபட்டுக் கிடந்தது. பதினாறே கண்ணி!

இந்த ஆறு எது தெரியுமா? ஸ்ரீவிஜயப் பேரரசின் ஆறு. ஏறத்தாழ 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் தாக்கிய அதே நாடு. தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து, வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும் ஒரு படை. (ராஜேந்திரன் போனது பாய்மரத்தில், அவனுக்குக் காந்தக் கண்ணியும் ஒரு பொருட்டாய் இருந்திருக்காது!)

பி-29 கண்ணி போட்ட முதல் தடவை அது. பழக்கம் பிடித்துவிட்டது. 1945 மார்ச் முதல் ஓகஸ்ட் வரை, இதே ரக விமானங்கள் ஜப்பானைச் சுற்றிப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கண்ணிகளைப் போட்டு, அறுநூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தும் முடக்கியும் வைத்தன. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பட்டினி’. அதன் ஒத்திகை சீனக்குடாவில் நடந்தது என்று சொன்னால் தப்பில்லை.

பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் பிரிவும் இலங்கையிலிருந்தே கண்ணி போட்டது. காங்கேசன்துறையிலும் பிறகு மின்னேரியாவிலும் நின்ற லிபரேட்டர் விமானங்கள் சிங்கப்பூர்வரை போய்க் கண்ணி போட்டுத் திரும்பின. அந்தக் காங்கேசன்துறை ஓடுபாதைதான் நமக்குத் தெரிந்த பலாலி! திருகோணமலையில் தங்கிய நீர்மூழ்கிகளும் மலாக்கா நீரிணைக்குக் கண்ணி சுமந்தன. அவற்றுள் ‘போர்ப்பொய்ஸ்’ 1945 ஜனவரியில் பினாங்குப் பக்கம் போய்த் திரும்பி வரவேயில்லை.

போட்டதை யார் அள்ளுவது? 1945 மே மாதம் ரங்கூனைப் பிடித்தபோது ஆற்றில் முன்னே போனவை கண்ணிவாரிகள். ஜூலையில் திருகோணமலையைத் தளமாகக் கொண்ட கிழக்கிந்தியக் கப்பற்படை, தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு வெளியே வாரப் போனது. 24ஆம் திகதி ‘ஸ்குவிரல்’ கண்ணியில் முட்டி மூழ்கியது. 26ஆம் திகதி ‘வெஸ்டல்’ மீது ஜப்பானியத் தற்கொலை விமானம் விழுந்தது. அந்த முறையில் இழந்த கடைசிப் பிரித்தானியப் போர்க்கப்பல் அது. இரண்டுமே கண்ணிவாரிகள், இரண்டுமே இரும்பு. போர் முடிய மூன்று வாரம்தான் மிச்சம்.

இலங்கையின் முதல் போர்க்கப்பல்

எது தெரியுமா? அதுவும் கண்ணிவாரிதான்! கனடாவின் டொரொண்டோவில் கட்டிய ‘ஃபிளையிங் ஃபிஷ்’, 1949இல் இலங்கைக்கு வந்து ‘விஜய’ ஆனது. 1950 டிசம்பர் 9இல் ரோயல் இலங்கைக் கடற்படை முறைப்படி பிறந்தபோது கையில் இருந்த பெரிய கப்பல் இது. பின்னால் அதே வகையில் இன்னொன்று ‘பராக்கிரம’ ஆனது. 1957 அக்டோபரில் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கு ஓராண்டு முன்பே, 1956இல், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் மரம் வந்து சேர்ந்தது. போருக்குப் பிறகு பிரித்தானியர் ‘டன்’ வகை என்று நூற்றுக்கும் மேற்பட்ட புதிய கண்ணிவாரிகளைக் கட்டினார்கள்: அலுமினியச் சட்டம், அதன்மேல் இரட்டை மகோகனிப் பலகை. அவற்றுள் நான்கை இந்தியா வாங்கியது: கண்ணனூர், காக்கிநாடா, கார்வார், கடலூர்! ஆமாம், ‘ஐ.என்.எஸ். கடலூர்’ ஒரு காலத்தில் மரக்கப்பல். அதே ‘டன்’ வகையில் ‘புரொனிங்டன்’ என்றொன்று. 1976இல் அதன் தலைவராக நின்ற இளைஞர் யார் தெரியுமா? சார்ள்ஸ்! இன்றைய பிரித்தானிய மன்னர். எண் 1115 என்பதால் மாலுமிகள் அதைப் ‘பதினொன்றேகால் கிழவி’ என்ற மாதிரிக் கூப்பிட்டார்கள்.

இந்த ‘டன்’ அவசரத்துக்குக் காரணம் கொரியா. 1950 அக்டோபரில் வொன்சான் துறைமுகத்தில் இறங்க இருநூற்றைம்பது கப்பல்களோடு வந்த அமெரிக்கர், மூவாயிரம் பழைய கண்ணிகளைக் கண்டு ஒரு வாரம் கடலில் முன்னும் பின்னுமாய் அலைந்தார்கள். அவர்கள் தரையிறங்குமுன் நகைச்சுவை நடிகர் பொப் ஹோப் விமானத்தில் வந்து கரையில் நிகழ்ச்சியே நடத்திவிட்டார்! இரும்புக் கண்ணிவாரிகள் இரண்டு ஒரே நாளில் மூழ்கின. இந்த வேலைக்கு இரகசியமாக அழைக்கப்பட்டவர்கள் ஜப்பானியர். பி-29கள் போட்ட கண்ணிகளைத் தங்கள் கடலில் ஐந்து ஆண்டாக மரக்கப்பல்களில் அள்ளிப் பழகியவர்கள். அவர்களுடைய கப்பல் ஒன்றும் வெடித்து ஒருவர் இறந்தார். அந்தச் செய்தியைப் பல்லாண்டு வெளியே விடவில்லை.

ஆண்டுக்கு ஒரு ஃபிராங்க் வாடகை

போர் முடிந்த பிறகு மரக் கண்ணிவாரிகள் மலிவு விலைக்கு வந்தன. உல்லாசப் படகாகிவிட்ட ஒன்றை நடிகர் ஜோன் வெய்ன் வாங்கினார். இன்னொன்று, சியாட்டில் நகரில் 1942இல் கட்டி மோல்டாவில் வேலை செய்தது, படகுச் சேவையாகி, பிறகு ஒரு பணக்காரர் கைக்கு வந்தது. அவர் அதை ஆண்டுக்கு ஒரு ஃபிராங்க் என்று வாடகைக்குக் கொடுத்தார். வாங்கியவர் ஜாக் கூஸ்தோ. கப்பல்? ‘கலிப்சோ’! கடலுக்கடி உலகத்தை உலகத்துக்குக் காட்டிய அந்தக் கப்பல், பிறவியில் ஒரு கண்ணிவாரி. அதிலிருந்து எடுத்த படம் 1956இல் கான் விழாவில் முதற்பரிசு வாங்கியது. அதே 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலில் மூழ்கி, சுவாமிமலைப் பாறைக்குக் கீழே கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள்.

மரத்துக்குப் பிறகு கண்ணாடி இழை வந்தது. அமெரிக்கர் மட்டும் ஓக், டக்ளஸ் ஃபிர், தேவதாரு வகை மரங்களின்மேல் கண்ணாடி இழை பூசி ‘அவெஞ்சர்’ வகையைக் கட்டினார்கள். அதில் ஒன்றான ‘கார்டியன்’ 2013 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் துப்பத்தாஹா பவளப்பாறையில் ஏறி மாட்டிக்கொண்டது. கண்ணிக்குத் தப்பப் பிறந்த கப்பலைப் பவளம் பிடித்தது! இழுத்தால் பாறை கெடும் என்பதால் அங்கேயே துண்டு துண்டாக வெட்டி அப்புறப்படுத்தினார்கள்.

மரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஜப்பானியர்தான். ஆயிரம் தொன் கப்பலைக்கூட மரத்தில் கட்டினார்கள், இருபத்தோராம் நூற்றாண்டிலும் விடவில்லை! 1991 ஏப்ரல் 26இல் அவர்களுடைய ஆறு கப்பல்கள் பாரசீக வளைகுடாவுக்குப் புறப்பட்டன. அவற்றுள் நான்கு, ஐந்நூறு தொன் அளவான மரக் கண்ணிவாரிகள். இரண்டாம் போருக்குப் பிறகு ஜப்பானியப் படையொன்று வெளிப்படையாக வெளிநாட்டு வேலைக்குப் போன முதல் பயணம். வழியில் எரிபொருளும் தண்ணீரும் நிரப்ப நின்ற துறைமுகங்களில் ஒன்று கொழும்பு. நாற்பத்தொன்பது ஆண்டுக்கு முந்திய ஓர் உயிர்த்த ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட அதே துறைமுகம்! வளைகுடாவில் முப்பத்துநான்கு கண்ணிகளை அழித்துவிட்டு, 511 பேரும் அக்டோபர் இறுதியில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.